விரைதூதுக் கலங்களும் அவற்றின் மாலுமிகளும்: போரியல் விஞ்ஞானப் புனைகதையின் வரலாற்று அடித்தளம்

போரியல் விஞ்ஞானப் புனைகதை என வழங்கும் ஆங்கில நாவல் வகை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்காவிலே பெருவளர்ச்சி கண்டதாகும். விண்மீன்களுக்கிடையே நிகழும் போர்களே அதன் பொருள். போர்க்கலங்களின் பருமை, படைக்கலங்களின் ஆற்றல், தளபதியரின் சூழ்ச்சித்திறன் என்பன இந்நாவல்களிலே விரித்துரைக்கப்படும். அவற்றை ஆராய்வோரும் பெரும்பாலும் இவற்றையே பேசுவர். ஆயின் இவ்வுலகங்களை ஊன்றி நோக்குவார்க்கு வேறொன்றும் புலப்படும். படைக்கலம் ஏதுமின்றிப் பொறியும் எரிபொருளும் சிறியதொரு தங்குமிடமும் மட்டுமே கொண்டு, ஒருவரையோ ஒரு சிலரையோ மாலுமிகளாக உடைய ஒரு சிறுகலம் கதையின் ஓரத்தே அடிக்கடி வந்து போகும். அது வந்தபின் தளபதியின் திட்டம் மாறும். அது வாராதொழியின் பெரும்படையொன்று வீணே அழியும். செய்தி சுமக்கும் இக்கலத்தை இக்கட்டுரையில் விரைதூதுக்கலம் என்று குறிப்போம். இது எங்கிருந்து நாவலுக்குள் வந்தது, இதன் மாலுமிகளை வரலாறு எவ்வாறு காட்டுகிறது, நாவல் எவ்வாறு காட்டுகிறது என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

முதலில், இக்கலத்தை வேண்டிநிற்கும் விதியொன்றை விளங்கிக்கொள்ளல் வேண்டும். இந்நாவல்கள் பலவற்றிலே கலங்கள் ஒளியினும் விரைந்து செல்லும். செய்தி மட்டும் தனித்து அவ்வாறு செல்லாது. வானொலி அலை ஒளியின் வேகத்தையே உடையதாதலின், ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனிலிருந்துகூட அது நம்மை வந்தடைய நான்கு ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே செய்தியைக் கலத்தில் ஏற்றி அனுப்புவதொன்றே வழியாகின்றது. இன்றைய பௌதிகவியலோ இவ்விரண்டையும் ஒருங்கே மறுக்கின்றது. ஒளியை விஞ்சிக் கலமும் செல்லாது, குறிப்பும் செல்லாது. அவ்வாறிருக்க, ஒன்றை அனுமதித்து மற்றதை மறுப்பது விஞ்ஞானத்தின் வற்புறுத்தலால் நேர்ந்ததன்று; ஆசிரியர் தாமே விரும்பி மேற்கொண்ட தெரிவு. அத்தெரிவின் காரணத்தை விஞ்ஞான நூல்களிலே தேடுவதில் பயனில்லை. கடல் வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

இவ்விதியை மிக முறையாக வகுத்துக்கொண்டது ஒரு நாவல் அன்று, ஒரு விளையாட்டு என்பது வியப்புக்குரியது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவிலே வெளிவந்த ‘டிரவலர்’ என்னும் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டே அது. அதிற் சித்திரிக்கப்படும் பேரரசில், விண்மீன்விட்டு விண்மீன் தாவும் கலம் ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். தாவும் தூரம் கூடினும் குறையினும் காலம் மாறாது. அரசாங்க அஞ்சலைச் சுமக்கும் 100 தொன் கலம் ஒரே தாவலில் 4 பார்செக் தூரம், அதாவது ஏறத்தாழ 13 ஒளியாண்டு, செல்லவல்லது. அத்துணைத் தூரம் தாவவேண்டியிருப்பதால் உள்ளிடம் முழுவதையும் தாவற்பொறியும் எரிபொருளும் கவர்ந்துகொள்ள, சாதாரண வெளியிலே நகர்வதற்கான பொறி அக்கலத்துக்கு இல்லாமற் போய்விட்டது. சேருமிடம் சேர்ந்ததும் அது தான் கொணர்ந்த செய்திகளை ஒலிபரப்பிவிட்டு, துணைக்கலமொன்று வந்து பற்றி இழுக்கும்வரை செயலற்று மிதக்கும். அதற்குள் அதே செய்திகளை ஏற்றுக்கொண்ட இன்னொரு கலம் அடுத்த தாவலுக்கு ஆயத்தமாகிவிடும். பண்டைப் பாரசீகத்தின் குதிரையஞ்சலில் குதிரையும் ஆளும் மாற, ஓலை மட்டும் நில்லாது சென்றது போன்றதே இது. இத்துணை விரைந்தும் எல்லைப்புறத்துச் செய்தி தலைநகரை எட்டுவதற்குப் பல மாதங்களாகும். ஆதலின் தலைநகரிலிருந்து நேரே ஆள்வது இயலாததாகி, தத்தம் பகுதியிலே தாமே முடிவெடுக்கும் பிரபுக்களைக் கொண்ட ஆட்சிமுறை அப்பேரரசுக்கு அமைந்தது என்று அவ்விளையாட்டை இயற்றியோர் காரணங் காட்டுவர். அரசியல் வரலாறு கற்போர் இக்காரணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

லோயிஸ் மக்மாஸ்ரர் புஜோல்ட் 1986 முதல் எழுதிய நாவல் வரிசையிலே விதி சற்று வேறுபடும். விண்வெளியிலுள்ள புழைகளின் வழியே கலங்கள் பாய்ந்து செல்லும். புழைக்கும் புழைக்கும் இடைப்பட்ட வெளியிலே செய்தி ஒளிக்கதிராகச் செல்லும். புழையைக் கடக்கும்போது மட்டும் கலம் அதனைச் சுமக்கவேண்டும். டேவிட் வெபர் 1993இல் தொடங்கிய ஹொனர் ஹரிங்ரன் நாவல்களில் விண்மீன் தொகுதிகளுக்கிடையே செய்தி கொண்டு செல்லும் படைக்கலமற்ற சிறுகலங்கள் ஒரு வகுப்பாகவே உள்ளன. இவ்வரிசையின் பிற்பட்ட நாவல்களில், ஏனையோர் அறியாத விரைவுடைய தூதுக்கலங்களை மறைவாக வைத்திருக்கும் பகைக்குழுவொன்று அவ்விரைவு ஒன்றினாலேயே வல்லரசுகளை ஏய்க்கின்றது. எதிரியிடம் செய்தி தம்மினும் முந்திச் சேரும் என்பதை அவ்வரசுகள் எண்ணியும் பார்க்கவில்லை.

வெபர் தம் முதல் நாவலைச் சி. எஸ். பொரெஸ்ரருக்குக் காணிக்கையாக்கினார். கதைத்தலைவியின் பெயரின் முதலெழுத்துகளும் பொரெஸ்ரர் படைத்த ஹொரேசியோ ஹோர்ண்புளோவரின் முதலெழுத்துகளே. இவ்வகை நாவல்களின் வேர் பாய்க்கப்பற் காலத்துக் கடற்கதைகளிலே உள்ளது என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. 1937இல் வெளிவந்த முதல் ஹோர்ண்புளோவர் நாவலின் கதை நமது பொருளுக்கு மிக நெருங்கியது. நெப்போலியன் காலத்திலே பசிபிக் சமுத்திரத்துக்கு அனுப்பப்பட்ட பிரித்தானியக் கப்பித்தான், தனக்கு இடப்பட்ட கட்டளைப்படி ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சிக்காரன் ஒருவனுக்கு உதவுகிறான். ஸ்பானியப் போர்க்கப்பலொன்றைக் கைப்பற்றி அவனிடமே ஒப்படைத்துவிடுகிறான். அதன் பின்னரே ஸ்பெயின் பிரித்தானியாவின் நட்பு நாடாகிவிட்டது என்னும் செய்தி அவனை எட்டுகிறது. தான் கொடுத்த கப்பலைத் தானே மீண்டும் போரிட்டு மூழ்கடிக்க வேண்டியவனாகிறான். முதற்போரில் மாண்டோர் எதற்காக மாண்டனர் என்னும் வினா நாவல் முழுவதிலும் நிழலாய்ப் படர்ந்துள்ளது.

இது வெறுங் கற்பனையா? நமது கடற்பரப்பிலேயே இதனையொத்த நிகழ்ச்சியொன்று உண்டு. 1782 ஓகஸ்டு இறுதியில் திருகோணமலையைப் பிரித்தானியரிடமிருந்து கைப்பற்றிய பிரெஞ்சுக் கடற்றளபதி சுஃப்ரன், அத்துறையைத் தளமாகக் கொண்டே அடுத்த ஆண்டு கடலூரை நோக்கிச் சென்றார். அங்கே பூசியின் தலைமையிலிருந்த பிரெஞ்சுப் படையைப் பிரித்தானியர் முற்றுகையிட்டிருந்தனர். 1783 யூன் 13ஆந் திகதி தரையிலே கடும் போர் நிகழ்ந்தது. யூன் 20ஆந் திகதி சுஃப்ரனின் 15 போர்க்கப்பல்கள் ஹியூசின் 18 கப்பல்களை எதிர்த்தன. இரு பக்கத்தும் ஏறத்தாழ நூறு பேர் வீதம் மாண்டனர். யூன் 25இல் முற்றுகையை உடைக்கப் பிரெஞ்சுப் படை வெளிப்பாய்ந்து தோற்றது. யூன் 29ஆந் திகதி ‘மெடியா’ என்னும் பிரித்தானியக் கப்பல் சமாதானக் கொடியுடன் சுஃப்ரனை அணுகியது. இரு நாடுகளும் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்படிக்கையில் வெர்சாயில் கைச்சாத்திட்டுவிட்டன என்பதே அது கொணர்ந்த செய்தி. கைச்சாத்திட்ட நாள் அவ்வாண்டு சனவரி 20. கடலூரில் அந்த யூன் மாதத்திலே சிந்திய குருதி முழுவதும் ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட பகைக்காகச் சிந்தியதாகும்.

1815 சனவரி 8ஆந் திகதி நடந்த நியூ ஓர்லியன்ஸ் போர் இதனினும் பரவலாக அறியப்பட்டது. பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் இடையிலான கெண்ட் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24இல் கைச்சாத்தாகிவிட்டதால், முடிந்த போரிலே பிரித்தானியத் தளபதி பக்கன்ஹாமும் அவர்தம் வீரர்களும் மடிந்தனர் என்று பலரும் எழுதுவர். இது முற்றும் சரியன்று. இரு தரப்பு அரசுகளும் ஏற்று உறுதிசெய்த பின்னரே போர் ஓயும் என்று உடன்படிக்கை கூறியது. அதனைச் சுமந்த ‘பேவரிற்’ என்னும் கப்பல் நியூயோர்க்கை அடைந்ததோ 1815 பெப்ரவரி 11ஆந் திகதி. ஆயினும் அவ்வுடன்படிக்கையின் இரண்டாம் உறுப்பு வரலாற்று மாணவர் நோக்கத்தக்கது. உறுதிசெய்த நாளிலிருந்து வட அமெரிக்கக் கரையோரத்துக்கு 12 நாள், தொலைவு கூடக்கூட மேலும் பல நாள், உலகின் ஏனைய கடல்களுக்கு 120 நாள் எனப் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வரும் காலம் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. அக்காலத்து அரசதந்திரிகள் சமாதானத்தைக் கப்பலின் வேகத்தால் அளந்து எழுதினர் என்பது இதனாற் பெறப்படும். அவ்வளவையும் போதாமற் போயிற்று. 1815 யூன் 30ஆந் திகதி சுந்தா நீரிணையிலே அமெரிக்கப் போர்க்கப்பலான ‘பீகொக்’ கிழக்கிந்தியக் கம்பனியின் சிறுகலமொன்றைச் சந்தித்தபோது, அதன் தலைவர் பொய்ஸ் என்பார் சமாதானம் ஏற்பட்டுவிட்டதென உரக்கக் கூறினார். அமெரிக்கத் தலைவர் வரிங்ரன் அதனை ஒரு சூழ்ச்சியென்று ஐயுற்றுச் சுட்டார். சிலர் இறந்தனர், பொய்ஸ் ஒரு காலை இழந்தார். 120 நாள் அதற்கு முன்பே கழிந்துவிட்டிருந்தது. செய்தி வந்து சேர்ந்தால் மட்டும் போதாது, கொணர்ந்தவன் நம்பப்படவும் வேண்டும் என்னும் சிக்கலை விண்வெளி நாவலாசிரியர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் கருத்து.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கொண்டு பார்க்கும்போது நாவலாசிரியரின் விதி எதற்காக வேண்டப்பட்டது என்பது விளங்கும். தந்தி வந்தபின் தளபதி தலைநகரின் கையிலுள்ள கருவியானான். ஐயம் எழுந்தபோதெல்லாம் கேட்டறியலாம். தவறினால் மேலிடத்தைச் சுட்டலாம். தனியொருவன் தன் அறிவையும் மனச்சான்றையும் மட்டும் துணையாகக் கொண்டு ஒரு நாட்டின் பெயரால் முடிவெடுக்கும் நிலையைக் கதையாக்க விரும்புவோர் தந்திக்கு முற்பட்ட காலத்துக்குச் செல்லவேண்டும். அன்றேல் தந்தி இல்லாத எதிர்காலத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும். போரியல் விஞ்ஞானப் புனைகதை செய்தது இரண்டாவதை.

ஆனால் இவ்வாறு தளபதியின் தனிமையை முதன்மைப்படுத்தியபோது, செய்தியைச் சுமந்தவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டனர். நாவல்களிலே தூதுக்கலம் வரும், ஓலை கைமாறும், தளபதி அதனை வாசித்து முகம் வாடுவார். கலத்தில் வந்தவர் யாவர், எவ்வாறு வந்தனர், எதனை அறிந்திருந்தனர் என்பது பெரும்பாலும் கூறப்படுவதில்லை. திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர் தூதுவரைத் தாமே வகுத்துக் கூறுவோர், பிறர் கூறியதைக் கூறுவோர் என இரு திறத்தினராகக் காண்பார். முத்திரையிட்ட பையைச் சுமக்கும் மாலுமி இவ்விரண்டிலும் அடங்கான். அவன் கூறுவதற்கு யாதுமில்லை என்று தோன்றும். ஆயின் வரலாற்றிலே கிடைக்கும் மிகப் பழைய சான்றே இதனை மறுக்கின்றது.

கி. மு. 427இல் லெஸ்பொஸ் தீவிலுள்ள மித்திலீன் நகரம் ஏதென்சுக்கு எதிராகக் கிளர்ந்து தோற்றது. அந்நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்லவும் பெண்டிர் பிள்ளைகளை அடிமைகளாக்கவும் ஏதென்சின் மக்களவை தீர்மானித்து, அத்தீர்மானத்துடன் முவ்வரிசைத் துடுப்புக்கப்பல் ஒன்றை அனுப்பியது. மறுநாளே அவை மனமிரங்கி மீண்டும் கூடி, சிறிய பெரும்பான்மையால் தீர்மானத்தை மாற்றியது. இரண்டாம் கப்பல் புறப்பட்டபோது முதற்கப்பல் ஒரு பகலும் ஓர் இரவும் முந்திவிட்டிருந்தது. ஏதென்சிலிருந்த மித்திலீன் தூதுவர்கள் இரண்டாம் கப்பலுக்கு உணவளித்து, முந்திச் சென்றால் பெரும்பரிசு தருவதாகவும் வாக்களித்தனர். துடுப்பு வலிப்போர் வலித்தபடியே திராட்சை மதுவும் எண்ணெயும் கலந்து பிசைந்த வாற்கோதுமை மாவை உண்டனர், முறைவைத்து உறங்கினர். ஏறத்தாழ 340 கிலோமீற்றர் கடல் இடைவிடாது கடக்கப்பட்டது. அங்கே ஏதெனியத் தளபதி பக்கீஸ் முதல் ஆணையை வாசித்து நிறைவேற்றத் தொடங்கும் வேளையில் இரண்டாம் கப்பல் துறையடைந்தது. நகரம் பிழைத்தது, ஏதென்சுக்கு அனுப்பப்பட்டிருந்த கிளர்ச்சித் தலைவர்கள் பிழைக்கவில்லை.

இதனை எழுதிய துசிடிடீஸ் இன்னொன்றையும் குறிக்கின்றார். எதிர்க்காற்று வீசாதது நற்பேறு என்பதோடு, முதற்கப்பல் தான் சுமந்த கொடிய பணியில் விருப்பமின்றி விரையாது சென்றது என்கிறார். ஒரு முவ்வரிசைக் கப்பலில் துடுப்பு வலிப்போர் 170 பேர். அவர்களுக்கு ஆணையை மறுக்கும் உரிமை இருந்ததில்லை. ஆயினும் கையிலுள்ள துடுப்பை எத்துணை வலிவுடன் இழுப்பது என்பது அவர்களிடமே இருந்தது. இரு கப்பல்களும் ஒரே வகையின, ஒரே கடல், ஒரே காற்று. ஒரு நகரத்து ஆடவரின் உயிர் அவ்விரு குழுவினரின் மனநிலையிலிருந்த வேறுபாட்டில் தங்கியிருந்தது. கலத்தின் வேகம் பொறியின் இயல்பு என்று மட்டும் எண்ணிப் பழகிய நமக்கு இச்செய்தி பெரிதும் சிந்தனைக்குரியது.

தூதுக்கப்பல் மாலுமிகளுக்கு அரசியலும் இருந்தது. ஏதென்சின் அரசாங்கப் பணிக்கென இருந்த இரு சிறப்புக் கப்பல்களுள் ஒன்றான ‘பரலொஸ்’ முற்றிலும் சுதந்திரக் குடிகளையே மாலுமிகளாகக் கொண்டது. அவர்கள் மக்களாட்சியில் உறுதிவாய்ந்தவர்கள். கி. மு. 411இல் சாமோஸ் தீவில் மக்களாட்சியினர் வென்ற நற்செய்தியுடன் அக்கப்பல் ஏதென்சை அடைந்தபோது, அங்கே நானூற்றுவரின் சிறுகுழுவாட்சி ஏற்பட்டுவிட்டதை அவர்கள் அறியார். வந்தவருள் இரண்டு மூவர் சிறைப்பட, ஏனையோர் வேறு கப்பலுக்கு மாற்றப்பட்டுக் காவற்பணிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களோடு வந்த கைரேயாஸ் என்பவன் மட்டும் தப்பிச் சாமோசுக்கு மீண்டு, ஏதென்சின் கொடுமைகளை உள்ளதற்கு மேலாகப் பெருக்கிக் கூறினான். கேட்ட வீரர்கள் கொதித்தெழுந்தனர். பரிமேலழகரின் முதல் வகைத் தூதுவன் இவனே. எவரும் அவனை அவ்வாறு அமர்த்தவில்லை என்பதே வேறுபாடு. ஆறாண்டுகளின் பின், கி. மு. 405இல், ஈகொஸ்பொத்தமியில் ஏதென்சின் கடற்படை அழிந்த செய்தியை இரவிலே ஊருக்குக் கொணர்ந்ததும் பரலொசே. துறைமுகத்தில் எழுந்த அழுகுரல் நெடுமதில்களின் வழியே நகரத்துள் பரவியதைச் செனபோன் எழுதியுள்ளார்.

பாய்க்கப்பற் காலத்துக்கு வருவோம். 1805 ஒக்டோபர் 21ஆந் திகதி நடைபெற்ற திரபல்கர் போரின் வெற்றியையும் நெல்சனின் மரணத்தையும் இலண்டனுக்கு அறிவித்தது ‘பிக்கிள்’ என்னும் சிறு பாய்க்கலம். பேமுடாவிலே கட்டப்பட்ட அது, போரிலே பிரித்தானியர் பக்கமிருந்த கலங்களுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்திலும் சிறியது. மாலுமிகள் ஏறத்தாழ 40 பேர். போர்வரிசையில் அதற்கு இடமில்லை. தீப்பற்றி வெடித்த ‘அக்கில்’ என்னும் பிரெஞ்சுக் கப்பலினின்றும் கடலிற் குதித்தோரை, ஒரு பெண் உட்பட, மீட்கும் பணியில் அது ஈடுபட்டிருந்தது. 26ஆந் திகதி தளபதி கொலிங்வூட் தம் அறிக்கையை அதன் தலைவரான லெப்டினன்ற் லாப்பெனொத்தியரிடம் ஒப்படைத்தார். வழியிலே புயல் தாக்கியபோது பாரங் குறைப்பதற்காக நான்கு பீரங்கிகளைக் கடலில் எறிந்தனர். இடையிற் சந்தித்த ‘நோட்டிலஸ்’ என்னும் கப்பலும் அதே செய்தியை ஏற்றுக்கொண்டு இங்கிலாந்துக்கு விரைந்தமையால் பயணம் ஒரு போட்டியாகவும் மாறிற்று. நவம்பர் 4இல் பால்மவுத்தில் இறங்கிய லாப்பெனொத்தியர், 21 இடங்களில் குதிரை மாற்றி, 271 மைல் தரைவழியை 37 மணித்தியாலத்திற் கடந்து, 6ஆந் திகதி அதிகாலை ஒரு மணியளவில் கடற்படைத் தலைமையகத்தை அடைந்தார். அவரை எதிர்கொண்ட செயலாளர் வில்லியம் மார்ஸ்டன் சுமத்திராவின் வரலாற்றை எழுதியவரும் பின்னர் மலாய் அகராதி தொகுத்தவருமாவார். ஆசியவியல் பயில்வோர்க்கு அவர் பெயர் புதிதன்று. மெழுகுதிரியுடன் அமைச்சர் பார்ஹம் பிரபு உறங்கும் அறையைத் தேடிச் சென்று அவரை எழுப்பியவர் மார்ஸ்டனே. ‘நோட்டிலஸ்’ கப்பலின் தலைவர் சிறிது நேரம் பிந்தி வந்து சேர்ந்தார்.

லாப்பெனொத்தியருக்குப் பதவியுயர்வும் 500 பவுணும் கிடைத்தன. அவருடைய பயணச் செலவுக் கணக்கு, 46 பவுண் 19 சிலிங் 1 பென்ஸ், இடத்துக்கு இடம் எழுதப்பட்டு இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. பீரங்கிகளை உருட்டித் தள்ளிய மாலுமிகளைப் பற்றி அத்துணை பேசப்படுவதில்லை. பொதுவாக இப்படித்தான், வரலாறும் இவ்விடத்தில் நாவலைப் போலவே நடந்துகொள்கிறது.

பால்மவுத்தின் அஞ்சற்கப்பல்களோ சற்று வேறு. 1688 அளவில் ஸ்பெயினின் கொருண்ணாத் துறைக்குத் தொடங்கிய இச்சேவை பின்னர் மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா, தென் அமெரிக்கா எனப் பரந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலைத்தது. 1823இல் கடற்படையிடம் கையளிக்கப்படும்வரை இதனை நடத்தியது அஞ்சற் பகுதி; மாலுமிகள் கடற்படையினர் அல்லர். ஓடக்கூடிய இடத்தில் ஓடுதல், ஓட இயலாவிடிற் பொருதல், பொருதவும் இயலாவிடில் அஞ்சலை மூழ்கடித்தல் என்பதே அவர்களுக்குரிய நெறி. இதற்காக அஞ்சற்பைகள் பாரங் கட்டப்பட்டு மேற்றளத்திலே ஆயத்தமாக இருந்தன. 1807 ஒக்டோபர் 1ஆந் திகதி பார்படோசுக்கு அண்மையில், ‘வின்சர் காசில்’ என்னும் அஞ்சற்கப்பலின் 28 பேர் 92 பேரைக் கொண்ட பிரெஞ்சுத் தனியார் போர்க்கலமொன்றை எதிர்த்து நின்றதோடு, இறுதியில் அதனைக் கைப்பற்றியும் விட்டனர். பதில் தலைவராக இருந்த றொஜர்ஸ் ஐந்து பேருடன் மட்டுமே பகைக்கலத்துட் பாய்ந்தார். இவ்வீரச்செயலைப் பலர் எழுதியுள்ளனர். எனக்கோ மூன்றாண்டின் பின் நிகழ்ந்த வேறொன்று இதற்கு நிகரான முக்கியத்துவமுடையதாகத் தோன்றுகிறது. இம்மாலுமிகளின் கூலி குறைவு. சொந்தமாகச் சிறு சரக்குகளைக் கொண்டுசென்று விற்றே அவர்கள் குடும்பம் நடத்தினர். 1810இல் சுங்க அதிகாரிகள் கப்பலேறி அச்சரக்குகளைப் பறிமுதல் செய்யவே, மாலுமிகள் கப்பலெடுக்க மறுத்தனர். நெப்போலியனுடன் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. அரசாங்கம் அஞ்சற் சேவையைச் சில மாதங்களுக்குப் பிளிமவுத்துக்கு மாற்றவேண்டியதாயிற்று. பேரரசொன்றின் செய்தி சில நூறு மாலுமிகளின் மூட்டை முடிச்சுகளால் தடைப்படக்கூடும் என்பது அப்போது யாவர்க்கும் தெரிந்தது.

இவற்றையெல்லாம் மனத்திற் கொண்டு மீண்டும் நாவல்களை நோக்கினால், மாலுமியை மறவாதவை சிலவே எனலாம். ‘டிரவலர்’ காட்டும் அஞ்சற்கலத்தின் ஓட்டி ஒரு வாரம் முழுவதும் தனியனாய், வெளியே காண்பதற்கு எதுவுமற்ற தாவல்வெளியிலே அடைபட்டிருக்கிறான். சேருமிடத்தில் துணைக்கலம் வாராவிடின் அவனுக்கு வேறு வழியில்லை. அவன் கொணர்ந்த செய்தி சில மணி நேரத்தில் அவனைவிட்டு முன்னே சென்றுவிடும். அவன் அதன் முடிவை அறியமாட்டான். விளையாட்டின் விதிநூலிலே இது ஒரு குறிப்பாகவே உள்ளது; ஆயினும் நல்ல சிறுகதையொன்று அதில் உறங்குகிறது. புஜோல்டின் முதற்காலத்து நாவலொன்றிலே வரும் ஓட்டியின் மூளையிற் பதித்த கருவி வழக்கொழிந்த கலவகைக்கு மட்டுமே பொருந்துவது. அவ்வகையின் கடைசிக் கலம் உடைக்கப்பட்டால் அவன் தொழிலும் முடியும். அவன் ஓட்டுவது சரக்குக்கலமே. ஆயினும் கலத்தின் விதியும் மாலுமியின் விதியும் ஒன்றாய்ப் பிணைந்ததை இத்துணைத் தெளிவாகக் காட்டியவர் சிலர்.

ஆன் மக்காஃப்ரியின் ஹெல்வா கதைகள் இவ்வகையில் மிகத் துணிந்து செல்பவை. 1961இல் முதற்கதை வெளிவந்தது; 1969இல் அவை நூலாயின. பிறவியிலேயே உடல் ஊனமுற்ற பெண்குழந்தையொன்றின் மூளையே ஒரு தூதுக்கலத்தை இயக்குகிறது. கலமே அவளுக்கு உடல். உடன் செல்வதற்கு ஒரு துணைவன் மட்டும் உண்டு. அவளை வளர்த்துக் கலமாக்கிய செலவு முழுவதும் அவள்மீது கடனாக எழுதப்பட்டிருக்கும். பணிக்குப் பணி அதனை உழைத்துத் தீர்க்கவேண்டும். ஊனமுற்றோரைப் பற்றிய அக்கால எண்ணங்கள் சில இக்கதைகளில் உள. இன்றைய வாசகர் அவற்றை ஒப்பார். ஆயினும் தூது செல்பவளின் கணக்குப்புத்தகத்தைக் கதையின் நடுவே வைத்தமை பால்மவுத் மாலுமிகளின் சரக்குமூட்டையை நினைவூட்டுகின்றது.

இவ்விதிக்கு மாறான வழியையும் சிலர் மேற்கொண்டனர். ஊர்சுலா லெ குயின் 1966இல் ‘றொக்கனன்ஸ் வேர்ல்ட்’ என்னும் நாவலிலே ‘ஆன்சிபிள்’ என்னும் கருவியைக் கற்பித்தார். எத்தொலைவுக்கும் அந்நொடியே செய்தியனுப்ப வல்லது அது. மனிதரோ ஒளியினும் மெதுவாகவே செல்லவேண்டும். மேலே கூறிய விதி இங்கே தலைகீழாகிறது. கலத்தை இழந்து தனித்துவிடப்பட்ட கதைத்தலைவன், பகைவரிடமுள்ள அக்கருவியை எட்டுவதற்காக முன்பின் அறியாத நிலங்களைக் கடந்து செல்கிறான். தூதுக்கலத்தின் பயணம் கால்நடையாக மாறிவிட்டது. ஜோ ஹோல்ட்மனின் ‘த போரெவர் வோர்’ 1974இல் வெளிவந்தது. ஆசிரியர் வியட்நாம் போரிலே காயமுற்றவர். அதிலே போர்வீரர் செல்லும் கலங்களுள் சில மாதங்கள் கழிய, உலகிலே நூற்றாண்டுகள் கழிகின்றன. கடைசிப் போர்முனையிலிருந்து மீளும் வீரன், போர் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்னரே முடிந்துவிட்டதை அறிகிறான். கடலூரின் ஐந்து மாதங்கள் இங்கே இரு நூற்றாண்டுகளாகப் பெருகியுள்ளன.

உண்மைக் கடலிலே விரைதூதுக்கலத்தின் முடிவு விரைந்து வந்தது. 1866இல் அத்திலாந்திக் சமுத்திரத்தினூடே நிலையான தந்திவடம் அமைந்தது. 1870இல் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குக் கடலடித் தந்தி இணைப்பு ஏற்பட்டது. அவ்வடம் கடலில் இறங்கிய போர்த்கேர்ணோ என்னும் சிற்றூர், அஞ்சற்கப்பல்கள் புறப்பட்ட பால்மவுத் இருக்கும் அதே கோர்ண்வால் மாவட்டத்தது. அதற்குப் பின்னரும் பிரித்தானியக் கடற்படை தூதுக்கலங்களெனவே இரண்டைக் கட்டியது. 1877இலும் 1878இலும் நீரில் இறக்கப்பட்ட ‘ஐரிஸ்’, ‘மேர்க்கியூரி’ என்பன அவை. முழுவதும் உருக்கினாற் கட்டப்பட்ட அக்கடற்படையின் முதற்கலங்கள் இவையே. மணிக்கு 18 கடல்மைலுக்கு மேல் ஓடி, அக்காலத்துப் போர்க்கலங்களுள் மிக விரைந்தனவாக விளங்கின. பின்னர் இவ்விரண்டும் இரண்டாந் தரப் போர்க்கலங்களாக வகை மாற்றப்பட்டு, பட்டியலில் அவற்றின் பெயருக்கு எதிரே இருந்த தூதுக்கலம் என்னும் சொல் நீக்கப்பட்டது.